ஒரே வேகன், இரண்டு பக்கம்: 1:48 அளவில் ஒரு விளம்பர ஐஸ் வேகன்

வேகன் முடிந்து அலமாரியில் நிற்கிறது. நீளம் 229 மி.மீ., அகலம் 57 மி.மீ. அமெரிக்கத் தண்டவாளங்களில் 1920களில் ஓடிய இறைச்சிக் கம்பெனி ஐஸ் வேகனின் மாதிரி இது. ஒரு பக்கம் மஞ்சள் சுவர் முழுக்க ‘ஓல்ட் டச் கிளென்சர்’ என்ற துலக்கும் பொடியின் விளம்பரம். திருப்பி வைத்தால் மறுபக்கத்தில் கம்பெனி பெயரும் எண்ணும் மட்டும்தான். வேகன் விளம்பரத்தைத் தடுத்து 1934-இல் வந்த ஓர் உத்தரவு அந்தச் சுவரை என்ன செய்தது என்பதை ஒரே வேகனில் காட்ட வேண்டும் என்பதுதான் நான் போட்டுக்கொண்ட வேலை.

எந்த வேகனைச் செய்வது என்று முடிவெடுக்கவே நேரம் பிடித்தது. விளம்பர வேகன் என்றால் அமெரிக்க மாடல் ரயில்காரர்கள் முதலில் எடுப்பது பீர் கம்பெனி வேகன்களை. ஹைன்ஸ் ஊறுகாய், ஸ்விஃப்ட், ஆர்மர் இறைச்சி என்று வேறு பலதும் உண்டு. நான் கடஹி கம்பெனியை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கடஹி ஒமாஹாவில் வளர்ந்த இறைச்சிக் கம்பெனி. அந்த வேகனுக்குள் ஐஸ் போட்டுப் போனது இறைச்சி. வெளியே எழுதியதோ, அதே கம்பெனி 1905-இல் விற்க ஆரம்பித்த துலக்கும் பொடியின் பெயர். பொடிக்குக் குளிர் தேவையே இல்லை. ஆக, சுவரில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை. வேகனின் பக்கச் சுவர் தனிச் சரக்காகவே மாறிவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேகன் எனக்குத் தெரியவில்லை.

அளவுக்கு 1:48 எடுத்தேன். அமெரிக்கர்கள் ஓ ஸ்கேல் என்பது இதைத்தான். நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் கால் அங்குலம். மனக்கணக்கிலேயே வேலை நடக்கும். இன்னும் சிறிய 1:87-இல் செய்தால் 2 அங்குல எழுத்து 0.6 மி.மீ. ஆகிவிடும். எழுத்துதான் இந்த வேகனின் உயிர் என்பதால் அந்த அளவை விட்டுவிட்டேன்.

முதல் வேலை பக்கச் சுவர். பழைய ஐஸ் வேகனின் வெளிப்புறம் செங்குத்தான மரப்பலகைகளால் ஆனது. ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் உட்காரும். ஒரு பலகையின் முகம் மூன்றேகால் அங்குலம். 36 அடி நீளத்துக்கு 133 பலகை. 1:48-இல் ஒரு பலகை 1.72 மி.மீ. வருகிறது.

பொருளாக 1 மி.மீ. வெள்ளை ஸ்டைரின் (ஒருவகை பிளாஸ்டிக்) ஷீட் எடுத்தேன். கட்டட மாதிரி செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கிறது. பி-கட்டர் என்ற பிளாஸ்டிக் கீறும் கத்தியின் பின்முனையால், ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கோடு கோடாகக் கீறிக்கொண்டே போக வேண்டும். ஸ்கேலை ஒவ்வொரு கோட்டுக்கும் 1.7 மி.மீ. நகர்த்தினால் போதும் என்று ஆரம்பித்தது சரிவரவில்லை. விட்டுப்போன 0.02 மி.மீ. 133 முறை சேர்ந்து கடைசியில் இரண்டரை மி.மீ. குறைந்துவிடுகிறது, கதவு நடுவில் உட்காராது. அப்புறம் கணினியில் 228.6 மி.மீ. நீளத்தை 133 சம பாகமாகப் பிரித்துக் கோடு போட்டு, தாளில் அச்செடுத்து, பசைக்குச்சியால் ஷீட்டின் மேல் ஒட்டி, தாளோடு சேர்த்துக் கீறினேன். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால் கோடுகள் துல்லியமாக நிற்கின்றன. அச்செடுத்ததும் வெர்னியரால் நீளத்தைச் சரிபாருங்கள். பக்கத்துக்கு ஏற்ப அச்சைச் சுருக்கும் அமைப்பை நிறுத்தாவிட்டால் எல்லாம் வீண்.

இன்னொரு சங்கடம். ஒரே முகத்தில் இத்தனை கீறல் விழுந்ததும் ஷீட் வில்லாக வளைகிறது. பின்னால் இன்னொரு 1 மி.மீ. ஷீட்டை ஒட்டி, கண்ணாடிப் பலகைக்கு அடியில் இரவு முழுக்க வைத்ததில் நேராகிவிட்டது. ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம், தூரிகையின் நுனியில் தொட்டு விளிம்பில் விட்டால் தானாக உள்ளே ஓடும். ஜன்னலைத் திறந்து வைத்து, வெளிக்காற்று வரும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது.

விளம்பரம் ஏன் ஐஸ் வேகன்களில் இவ்வளவு செழித்தது என்பது சுவரைச் செய்யும்போது கைக்கே புரிகிறது. அக்காலச் சாதாரணச் சரக்கு வேகன்கள் பலவற்றில் இரும்புச் சட்டமும் மூலைவிட்டத் தாங்கிகளும் வெளியே தெரியும். அதில் பெரிய படம் எழுத முடியாது. ஐஸ் வேகனில் குளிர் போகாமலிருக்க இரட்டைச் சுவர், நடுவில் காப்புப் பொருள். சட்டம் எல்லாம் உள்ளே மறைந்துவிடும். வெளியே வழவழப்பான பலகைப் பரப்பு மட்டும். அதிலும் ஐஸ் தொட்டி இரண்டும் வேகனின் இரு கோடியில் இருப்பதால் கதவு நடுவில் ஒன்றுதான். கதவின் அகலம் 4 அடி. மிச்சம் இருபுறமும் 16 அடி, மாதிரியில் 101.6 மி.மீ., தடையில்லாத வெற்றுச் சுவர். விளம்பரக்காரர் கேட்டு வாங்கியது போல அமைந்த இடம்.

முழுவதும் தடையில்லை என்றும் சொல்ல முடியாது. வேகனைப் பக்கவாட்டில் பார்த்தால் வலது கோடியில் ஏணி இருக்கும், இடது கோடியில் கைப்பிடிக் கம்பிகள். தொழிலாளர் பாதுகாப்புக்காக 1893-இல் வந்த சட்டமும் அதன் தொடர்ச்சியாக 1911-இல் வகுத்த விதிகளும் இவற்றின் இடத்தைக் கட்டாயமாக்கின. எழுத்தை அமைக்கும்போது அந்த ஒன்றரை அடியை விட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கைப்பிடிகளுக்கு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி. 24 அங்குலக் கைப்பிடி 12.7 மி.மீ. ஒரு மரத்துண்டில் அந்த அகலத்துக்கு இரண்டு வெட்டு போட்டு அதில் மடித்தால் எல்லாம் ஒரே அளவாக வரும். துளைக்கு 0.6 பிட், கையால் திருகும் பின்வைஸ். ஒட்ட ஃபெவிக்விக், ஊசி முனையில் ஒரு புள்ளி.

கூரையும் அடிச்சட்டமும் சிக்கலில்லாமல் போயின. கூரையின் நான்கு மூலையிலும் ஐஸ் கொட்டும் மூடிகள், ஒவ்வொன்றும் 16 மி.மீ. சதுரம். நடுவில் ஆள் நடக்க மூன்று பலகை. இறைச்சி வேகன்களில் நொறுக்கிய ஐஸோடு உப்பும் சேர்த்துக் கொட்டுவார்கள், குளிர் இன்னும் இறங்க. அந்த உப்புநீர் சொட்டுகிற இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். அதை நினைவில் வைத்து மூடிகளின் ஓரத்திலும் அடிச்சட்டத்திலும் மட்டும் துரு நிறம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன்.

சக்கரங்களில் கோயம்புத்தூரில் இருப்பதன் வசதி தெரிந்தது. நிஜச் சக்கரத்தின் விட்டம் 33 அங்குலம், 1:48-இல் 17.5 மி.மீ. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கமும் அஞ்சலும் சேர்ந்து வேகனின் மொத்தச் செலவைத் தாண்டும். தெருமுனை லேத் பட்டறையில் படத்தைக் கொடுத்தேன். இரும்புக் கம்பியில் எட்டுச் சக்கரமும் நான்கு அச்சும் கடைந்து தந்தார்கள், சக்கரத்துக்கு 70 ரூபாய். பட்டறைக்காரர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: இரண்டு சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு? அமெரிக்க ஓ ஸ்கேல் பாதையின் அகலம் ஒன்றேகால் அங்குலம். அது 1:48-இல் ஐந்து அடிக்குச் சமம். நிஜப் பாதையோ 4 அடி எட்டரை அங்குலம். பொம்மை ரயில் காலத்திலிருந்து வந்த இந்த முரண்பாட்டோடுதான் பெரும்பாலோர் ஓட்டுகிறார்கள். என்னுடையது ஓடப்போவதில்லை, அலமாரியில் நிற்கப்போகிறது. அதனால் சரியான 29.9 மி.மீ. கொடுத்துவிட்டேன். வேகனுக்கு முன்பக்கமாக நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

சக்கரத்தைத் தாங்கும் சட்டத்துக்கு ஆர்ச் பார் வகை எடுத்தேன். பட்டை இரும்புகளை வளைத்து போல்ட் போட்டு முடுக்கிய பழைய அமைப்பு. போல்ட் தளர்ந்தும் பட்டை விரிசல் விட்டும் தொல்லை கொடுத்ததால் பிற்காலத்தில் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1930களிலும் நிறைய ஓடியது, அதனால் வேகனின் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். கையால் செய்பவனுக்கு இது வரம். வார்ப்பு எதுவும் வேண்டாம், 0.5 மி.மீ. ஸ்டைரின் பட்டைகளை வெந்நீரில் காட்டி வளைத்து அடுக்கினால் போதும். பிரேக்குக்குப் பழைய கே வகை, சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் ஒரே துண்டாக இருப்பது. 1933-இல் வந்த ஏபி வகையைப் போட்டிருந்தால் விளம்பரப் பக்கத்தின் காலத்தோடு ஒட்டாது.

இனி நிறம். பக்கங்களுக்கு மஞ்சள், கூரைக்கும் கோடிகளுக்கும் செங்காவி. ஐஸ் வேகன்களுக்கு அன்று பரவலாக இருந்த சேர்க்கை இது. மஞ்சள் மறைப்புத் திறன் குறைந்த நிறம். சாம்பல் பிரைமர் மேல் அடித்த சோதனைத் துண்டு பச்சையாக மங்கிப் போனது. வெள்ளை பிரைமர் மேல், மெல்லிய பூச்சாக நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது நிமிடம் என்று அடித்ததில்தான் பளிச்சென்று நின்றது. பெயின்ட் தூவும் ஏர்பிரஷின் ஊசி 0.3 மி.மீ., காற்றழுத்தம் 18 பிஎஸ்ஐ. தடித்து அடித்தால் பலகைக் கோடுகள் மூடிக்கொள்ளும். மெதுவாகத்தான் போக வேண்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து நிறம் தீர்மானிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அக்காலப் படத்தகடுகளும் ஃபிலிம்களும் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. நீலத்துக்கு அதிகமாகவும் பச்சைக்கு ஓரளவும் உணர்வுள்ளவை. அதனால் சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் எதிர்பார்ப்பதைவிடக் கருத்து விழும், நீலம் வெளுத்துவிடும். இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை செய்தேன். மஞ்சள் அடித்த பக்கத்தைப் போனில் படமெடுத்து, அதில் சிவப்புப் பகுதியை முழுதாக எடுத்துவிட்டு, நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கதிர் போலப் பிரகாசித்த சுவர் அடர்ந்த சாம்பலாகிவிட்டது. கறுப்பு எழுத்து அதில் பாதி கரைந்துவிட்டது. பழைய படத்தில் ‘இருட்டு வேகன்’ என்று தெரிகிற பல வேகன்கள் நிஜத்தில் தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்திருக்கும். விளம்பரத்துக்கு மஞ்சளைப் பிடித்தவர்களின் கணக்கு கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாமலே போகிறது.

எழுத்துக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் போனது, அதிகம் கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

இடது பாதியில் நிர்வாக எழுத்து: கம்பெனி பெயர், சி.ஆர்.எல்.எக்ஸ். என்ற அடையாளம், வண்டி எண், சுமை அளவு, வெற்று எடை. கடைசியில் வரும் எக்ஸ், வேகன் ரயில் கம்பெனிக்குச் சொந்தமில்லை, தனியாருக்குச் சொந்தம் என்பதற்கான குறி. வரலாறு முழுக்க அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது என்றே சொல்வேன். 1870களின் கடைசியில் கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் சிகாகோவில் மாட்டை வெட்டி இறைச்சியாகவே கிழக்கே அனுப்ப விரும்பியபோது, உயிர் மாடுகளை ஏற்றிச் செல்லும் வேகன்களிலும் தொழுவங்களிலும் பணம் போட்டிருந்த ரயில் கம்பெனிகள் ஐஸ் வேகன் கட்ட முன்வரவில்லை. ஸ்விஃப்ட், ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளரை வைத்துத் தானே கட்டிக்கொண்டார். செயின்ட் லூயிஸில் பீர் அனுப்ப அடால்ஃபஸ் புஷ்ஷும் ஐஸ் வேகன் கம்பெனி தொடங்கினார். இப்படி வேகனின் சுவர் ரயில் கம்பெனியின் கையை விட்டுச் சரக்குக்காரர் கைக்குப் போனது. அதற்கப்புறம் அதில் அவர்கள் தங்கள் பெயரை எழுதியது இயல்பான காரியம்.

பின்னாளில் எல்லாச் சரக்குக்காரரும் சொந்தமாகக் கட்டவில்லை. ஜெனரல் அமெரிக்கன், யூனியன் ரெஃப்ரிஜரேட்டர் டிரான்சிட் போன்ற கம்பெனிகள் வேகன்களைக் கட்டி வாடகைக்கு விட்டன. சின்ன வெண்ணெய்க் கம்பெனிக்கும் பாலாடைக்கட்டிக் கம்பெனிக்கும் கூடத் தங்கள் பெயரும் படமும் எழுதிய வேகன் கிடைத்தது அப்படித்தான். வலது பாதிதான் அந்த விளம்பரத்தின் வீடு.

பெரிய எழுத்துகளுக்கு வினைல் ஸ்டென்சில் வெட்டச் சொன்னேன். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையிலுள்ள பிளாட்டர் 4 மி.மீ. உயரம் வரை சுத்தமாக வெட்டுகிறது. 18 அங்குல எழுத்து 9.5 மி.மீ. என்பதால் சிரமமில்லை. சிரமம் பலகைக் கோடுகளில் வந்தது. வினைல் கோட்டுப் பள்ளத்துக்குள் இறங்காது; கறுப்பு பெயின்ட் பள்ளத்தின் வழியாக ஊர்ந்து எழுத்தின் ஓரம் ரம்பப் பல் போல ஆகிவிடும். தீர்வு இது: ஸ்டென்சிலை ஒட்டி, விரல் நகத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்திவிட்டு, முதலில் சுவரின் அதே மஞ்சளை மெல்லியதாக அடிக்க வேண்டும். கசிவது மஞ்சளாக இருப்பதால் தெரியாது. அதுவே இடைவெளியை அடைத்தும் விடும். அது காய்ந்தபின் கறுப்பு. பெயின்ட் முழுதாகக் காயுமுன், பாதி ஈரத்தில், ஸ்டென்சிலைப் படுக்கை வாட்டில் இழுத்து உரித்தால் ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கிறது.

சின்ன எழுத்துகள் வேறு கதை. 2 அங்குல எழுத்து 1.06 மி.மீ. இதை வெட்டவும் முடியாது, எழுதவும் முடியாது. தண்ணீரில் நனைத்தால் அச்சு நழுவி வேறு பரப்பில் ஒட்டும் டீகால் தாளில் 1200 டிபிஐ லேசர் அச்சு எடுத்தேன். சாதாரண லேசர் அச்சில் வெள்ளை மை கிடையாது. மஞ்சள் மேல் கறுப்பு என்பதால் அந்தக் கவலை இல்லாமல் போனது; வேறு நிற வேகன் எடுத்திருந்தால் இங்கேயே நின்றிருக்கும். ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளித் திட்டாகத் தெரியும். டீகால் காய்ந்ததும் புதுப் பிளேடால் ஒவ்வொரு பலகைக் கோட்டிலும் மெல்லக் கீறி, மென்மையாக்கும் திரவம் தடவினால் பள்ளத்துக்குள் அமர்ந்துகொள்கிறது. கடைசியில் மேட் வார்னிஷ்.

அப்புறம் அந்தப் பெண். ஓல்ட் டச் பொடியின் அடையாளம், முகமே தெரியாதபடி பெரிய வெள்ளைத் தொப்பி போட்டு, கையில் தடியோடு அழுக்கைத் துரத்திக்கொண்டு ஓடும் டச்சுப் பெண். ‘அழுக்கைத் துரத்துகிறது’ என்பதுதான் விளம்பர வாசகமும். நிஜ அளவில் ஐந்தடி உயரம் என்று வைத்துக்கொண்டேன், மாதிரியில் 32 மி.மீ. டீகாலில் அச்சிட்டால் வெள்ளைத் தொப்பி மஞ்சளாகிவிடும் என்பதால் கையால் எழுதுவதுதான் வழி.

சைன்போர்டு ஓவியர்களின் பழைய முறை ஒன்று உண்டு. படத்தின் கோட்டை ஒட்டித் தாளில் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, சுவரில் வைத்து, சாக்குத்தூள் (சாக்பீஸ் பொடி) கட்டிய துணி முடிச்சால் தட்டுவார்கள். புள்ளிப் புள்ளியாகப் படம் சுவரில் இறங்கும். ஒரே படத்தைப் பல இடங்களில் ஒரே மாதிரி எழுத இதைவிட எளிய வழி இல்லை. அதையே செய்து பார்த்தேன். டிரேசிங் தாள், இன்சுலின் ஊசி, நீலச் சாக்குத்தூள். இந்தச் சின்ன அளவில் துளைகளை அரை மி.மீ. நெருக்கத்தில் போட்டால் தாள் கிழிகிறது. தொப்பியின் விளிம்பு, பாவாடையின் கரை, தடி, முன்னே வைத்த கால் ஆகிய நான்குக்கு மட்டும், ஒரு மி.மீ. இடைவெளியில் துளை போட்டதில் வேலை நடந்தது. புள்ளிகளை நம்பி முழு உருவத்துக்கும் முதலில் வெள்ளை அடித்தேன். அதன்மேல் உடைக்கு நீலம், தடிக்குப் பழுப்பு, எல்லாம் மூன்று சுழிய (000) எண் மெல்லிய தூரிகையால். முகம் எழுத வேண்டியதில்லை என்பது இந்த அளவில் பெரிய உபகாரம். ஓடுகிற வேகத்தைக் காட்டுவது பாவாடைக் கரையின் சாய்வுதான்; அதைச் சரியாகப் பிடித்தால் மற்றது தானாக வந்துவிடுகிறது.

மறுபக்கத்தில் வேலை குறைவு, யோசனைதான் அதிகம்.

விளம்பர வேகன்களை அமெரிக்க அரசின் வணிக ஆணையமான ஐ.சி.சி. 1934 ஜூலையில் தடுத்தது. புதிதாக யாரும் எழுதக் கூடாது. ஏற்கெனவே எழுதியவை 1937 ஜனவரிக்குள் பொதுப் போக்குவரத்திலிருந்து விலக வேண்டும். அழகு கெடுகிறது என்றோ கண்ணை உறுத்துகிறது என்றோ வந்த தடை அல்ல அது. பணக்கணக்கு. தனியார் வேகன் தன் பாதையில் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் ரயில் கம்பெனி வேகன் சொந்தக்காரருக்குப் பணம் தர வேண்டும். வேகனை வாடகைக்கு விட்ட கம்பெனி அந்த வருமானத்திலிருந்து சரக்குக்காரருக்குச் சலுகை காட்டலாம், கூடவே சுவரில் விளம்பரமும் எழுதித் தரலாம். சரக்குக் கட்டணத்தில் மறைமுகத் தள்ளுபடி தருவதை 1903-இன் எல்கின்ஸ் சட்டமே தடை செய்திருந்தது. ஊர் ஊராகப் போகும் இலவச விளம்பரமும் தள்ளுபடியின் இன்னொரு வடிவம் என்றாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ஒரு வெண்ணெய்க் கம்பெனியின் பெயர் எழுதிய வேகனில் போட்டிக் கம்பெனி தன் வெண்ணெயை ஏற்றுமா? ஏற்றாது. அந்த வேகன் சரக்கில்லாமல் திரும்ப வேண்டியதுதான், இழுக்கும் செலவு ரயில் கம்பெனிக்கு.

பதினாறு அடிச் சுவரைக் கையால் நிரப்பிய பிறகு இந்தக் கணக்கு எனக்கு முன்னைவிட நன்றாகப் புரிந்தது. அந்த இடத்துக்கு விலை உண்டு. விலையுள்ள ஒன்றை ஒருவருக்கு மட்டும் சும்மா கொடுத்தால் அது தள்ளுபடிதான். தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்த மஞ்சள் சுவர்கள் போனதில் எனக்கு வருத்தமும் உண்டு.

உத்தரவுக்குப் பிறகு சொந்தக்காரர் அல்லது வாடகைக்காரரின் பெயரை அடக்கமான எழுத்தில் போடலாம், பொருளைப் புகழக் கூடாது. இந்தப் பக்கத்துக்குக் கம்பெனி பெயர் 9 அங்குல எழுத்தில், மாதிரியில் 4.8 மி.மீ., அடையாள எழுத்து, எண், அளவு விவரம் அவ்வளவுதான். ஆனால் வெறும் மஞ்சள் அடித்து விட்டுவிட மனம் வரவில்லை. பழைய எண்ணெய் பெயின்ட் தடிமனானது. அதன்மேல் பூசினாலும் எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். முன்பு வெட்டிய அதே ஸ்டென்சிலை மறுபடி ஒட்டி, மஞ்சளையே தடிமனாக அடித்து உரித்தேன். மேலே இரண்டு மெல்லிய பூச்சு. நேராகப் பார்த்தால் வெற்றுச் சுவர். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் பொடியின் பெயர் மேடாக எழுந்து வருகிறது. மேட்டின் உயரம் ஏறத்தாழ 0.08 மி.மீ.; இதற்கு மேல் போனால் செயற்கையாகத் தெரியும், குறைந்தால் மேட் வார்னிஷ் விழுங்கிவிடும்.

புகைக்கரி ஏற்றுவதில் இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு வைத்தேன். விளம்பரப் பக்கத்தில் கூரை ஓரத்தில் மட்டும் லேசாகக் கரித்தூள். வெற்றுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக, கைப்பிடிகளின் அடியில் அதிகமாக. பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்த தூளும் கறுப்பு சாக்குத்தூளும் கலந்து, உலர்ந்த தூரிகையால் தடவியது.

செலவு: ஸ்டைரின் ஷீட் 450, பித்தளைக் கம்பியும் பட்டையும் 220, லேத் வேலை 560, டீகால் தாளும் அச்சும் 410, பெயின்ட், பிரைமர், வார்னிஷ் 900, ஸ்டென்சில் 150, குளோரோஃபார்ம், பிளேடு, உப்புத்தாள் 250, அடியில் மரப்பலகையும் தண்டவாளத் துண்டும் 400. மொத்தம் 3,340 ரூபாய். ஏர்பிரஷும் கம்ப்ரசரும் முன்பே இருந்தவை, இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது சில உண்டு. பலகைக் கோடுகளைக் கீறாமல் லேசர் வெட்டுக் கடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டைரின் லேசரில் உருகும் என்பதால் 1 மி.மீ. பிளைவுட்டில். கதவுக் கீல்களை ஒட்டியபின் எழுத்து வேலை செய்தது இடைஞ்சல். ஸ்டென்சில் கதவோரத்தில் தூக்கிக்கொண்டது. எழுத்து முடிந்து வார்னிஷ் போட்ட பிறகே கீல், கைப்பிடி, ஏணி எல்லாம் ஏற வேண்டும், துளைகளை மட்டும் முன்கூட்டியே போட்டு வைத்து. கூரையைத் திருகில் கழற்றும்படி செய்திருந்தால் உள்ளே இறைச்சி தொங்கும் கம்பிகளையும் காட்டியிருக்கலாம்.

அடுத்தது பீர் வேகன்தான், ஆனால் சரியான காலத்தில். மது விலக்கு 1920-இல் வந்ததும் பீர் விளம்பரம் தண்டவாளத்தை விட்டுப் போனது. 1933 ஏப்ரலில் 3.2 சதவீத பீர் சட்டபூர்வமாகத் திரும்பியது, அடுத்த ஆண்டே தடை உத்தரவு. மாடல் கடைகளில் நூற்றுக்கணக்கான பீர் வேகன்கள் விற்கின்றன. மது விலக்குக்குப் பிந்தைய நிஜ பீர் விளம்பர வேகன் ஓடிய காலமோ நாலு வருஷத்துக்கும் குறைவு, புதிதாக எழுத முடிந்தது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல். அதற்கு எட்டுச் சக்கரம் கடையச் சொல்லி லேத் பட்டறையில் முன்பணம் கொடுத்துவிட்டேன்.